திருப்ப வேண்டாத பரிசம்

1

நான் படித்த நர்ஸ் பள்ளியில் இந்த ஆண்டு தேறப்போகும் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து ஏழு, கேள்வி ஒன்றுதான். "அக்கா, சீமையில் புதிதாகத் தேறிய நர்ஸுக்கு என்ன சம்பளம்? சாப்பாடும் தங்கும் இடமும் கொடுப்பார்களா? மற்ற சலுகைகள் என்னென்ன?" பத்திரிகையில் எழுதினால் ஏழு பேருக்கும் ஒரே பதிலாகப் போகும், இன்னும் கேட்க நினைத்துக் கேட்காதவர்களுக்கும் போகும் என்று இதை எழுதுகிறேன்.

சம்பளத்தை இங்கே ஆண்டுக்கு இவ்வளவு என்று சொல்லி, பன்னிரண்டாகப் பிரித்து மாதக் கடைசியில் கொடுப்பார்கள். அந்த ஆண்டுத் தொகையை ரூபாயாக்கிப் பார்த்து மயங்க வேண்டாம். நர்ஸுகள் விடுதியில் ஓர் அறை உண்டு, அதற்குப் பிடித்துக்கொள்வார்கள். மூன்று வேளைச் சாப்பாடு உண்டு, அதற்கும் பிடித்துக்கொள்வார்கள். வரி, இன்சூரன்ஸ், வயதான பிறகு வரும் ஓய்வூதியத்துக்கு இப்போதே ஒரு துண்டு. உடுப்பு ஆஸ்பத்திரியே தரும், துவைத்துக் கஞ்சி போட்டும் தரும். கறுப்புக் காலுறையும் ஷூவும் நம் செலவு. காய்ச்சல் வந்தால் வைத்தியம் இலவசம். ஆண்டுக்கு ஒரு முறை சம்பளம் கொஞ்சம் ஏறும். ஆண்டுக்கு நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு.

போன மாதம் ஐரிஸ் என்ற பெண், ஜமைக்காவிலிருந்து வந்தவள், தன் முதல் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு துணி அறையில் உட்கார்ந்து அழுதாள். கொடுத்தது ஒரு வரி, எடுத்துக்கொண்டது ஆறு வரி என்றாள். நான் துணிக் கூடையின் மேல் உட்கார்ந்து ஆறு வரியையும் விளக்கினேன். "இவ்வளவும் பிடித்த பிறகு இவர்கள் சும்மா கொடுப்பது என்னதான்?" என்று கேட்டாள். "குளிக்க வெந்நீர்" என்றேன். சிரித்துவிட்டாள்.

பெண்களே, கேட்டதற்கு இதுவே பதில். ஆனால் முதல் சம்பளம் என்பது சீட்டில் உள்ள வரிகளோடு முடிவதில்லை. இந்த வருஷம் ஆனி மாதம் ஜவ்வாது மலையில் என் அப்பாவிடம் ஒற்றை மாடுதான் இருந்தது. இன்னொரு மாடு வாங்கப் பணமும் வீட்டிலேயே இருந்தது. அது நான் இங்கே வாங்கிய முதல் மாதச் சம்பளம். அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் ஏன் தொடவில்லை, அவரைத் தொட வைக்க நான் என்ன செய்தேன், அது எங்கே போய் முடிந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2

எங்கள் ஊர் மலைமேல் நெல்லிவாசல் நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டத்தில் ஒரு சிற்றூர். பதினெட்டு வீடு. எட்டு வயதில் புளிய மரத்திலிருந்து விழுந்து என் வலது கை முறிந்தது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க நடந்து, அடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். முறிந்த எலும்பு சேர மூன்று மாதம் ஆனது. கூடிய பிறகு, பக்கத்து விடுதிப் பள்ளியில் இவளை விட்டுவிட்டுப் போகிறீர்களா என்று அங்கே கேட்டார்கள். அப்பா என்னைக் கேட்டார். நான் சரி என்றேன். எங்கள் குடும்பத்தில் மட்டுமல்ல, எங்கள் ஊரிலேயே முதலில் பேனா பிடித்தது அந்த முறிந்த கைதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. இதை எழுதுவதும் அதே கைதான்.

படிப்பு முடிந்து நர்ஸாகத் தேறியதும் அதே மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆர்டரை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். அவர் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பணம் எவ்ளோ?"

"மாசம் எண்பது ரூவா."

"சோறு?"

"அங்கியே. கொஞ்சம் புடிச்சுக்குவாங்க."

"வூடு?"

"ரூம் குடுப்பாங்க நைனா. ரெண்டு பேருக்கு ஒண்ணு."

"நோவு வந்தா?"

"அவங்களே பாப்பாங்க. காசு கெடையாது."

"துணி?"

"வருசத்துக்கு மூணு பொடவ. வெள்ள."

அம்மா தலையைத் தூக்கினாள். "கழுத்துல தாலியே ஏறல, அதுக்குள்ள வெள்ளய கட்டச் சொல்றாங்களா?"

"எல்லா நர்ஸும் அதாம்மா கட்டுவாங்க. அழுக்கு பட்டா தெரியணும்னு."

"அழுக்கு தெரியறதுக்கா மனுசரு துணி கட்றாங்க" என்றாள் அம்மா.

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. "நல்ல எடம். சோறு, துணி, வூடு, வைத்தியம், எல்லாம் சொல்லிட்டாங்க. பணம் யாரு கையில குடுப்பாங்க?"

"என் கையிலதான்."

"உன் கையிலயா?" அவர் முகம் சுருங்கியது. "பொண்ணுக்குக் குடுக்கற பணத்த பொண்ணு கையிலயா குடுக்கறது? இன்னா மனுசங்க அவங்க?"

அப்பாவுக்கு விவரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். முதல் சம்பள நாளன்று அவர் வெற்றிலை பாக்கோடு மலையிறங்கி வந்து, மேட்ரன் அம்மா கையால் பணத்தைத் தானே வாங்க வேண்டும் என்று நின்றார். மேட்ரன் அம்மா திருநெல்வேலிக்காரர், கண்டிப்பானவர், ஆனால் சிரிக்கத் தெரிந்தவர். "உன் மகளுடைய முதல் சம்பளம், ஆசைப்படுகிறாய், வாங்கிக்கொள்" என்று எட்டுப் பத்து ரூபாய் நோட்டுகளை அவர் கையில் வைத்தார். அப்பா வெற்றிலையை நீட்டினார். மேட்ரன் அம்மா அதையும் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் மாதம் நான் முப்பது ரூபாய் மணியார்டர் அனுப்பினேன். வாங்க மறுத்தார் என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. மூன்றாம் மாதமும் அப்படியே. லீவில் ஊருக்குப் போனபோது ஏன் என்று கேட்டேன்.

"பரிசம் ஒரு தரந்தான் வாங்கறது" என்றார்.

எங்கள் மலையில் பெண் வீட்டார் எதுவும் கொடுப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணின் தகப்பனுக்குத் தானியமும் துணியும் கொஞ்சம் பணமும் பரிசமாகக் கொடுப்பார்கள். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் வெற்றிலை பாக்கோடு கை மாறும். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து தகப்பன் எதையும் வாங்கக் கூடாது. வாங்கினால் மகளை விற்றுத் தின்கிறான் என்று ஊர் பேசும். என் ஆர்டரை நான் படித்தபோது அவர் காதில் விழுந்தது முழுக்க ஒரு மாப்பிள்ளை வீட்டார் பேசிய பேச்சு. சோறு, துணி, வீடு, பணம். சம்பளம் மாதாமாதம் வரும், அது என் உழைப்புக்கு என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

"உழைக்காமயா இருப்பாங்க? எந்த வூட்ல பொண்ணு உழைக்கல?" என்றார்.

3

1962இல் எனக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்க்க ஒப்புக்கொண்ட மூன்று ஆண்டும் அப்போது முடிந்திருந்தது. கடைசி நாளன்று காலையில் அப்பா வந்தார். தலையில் ஒரு கூடை சாமை. இடுப்பில் ஒரு துணி முடிச்சு. நேராக மேட்ரன் அம்மாவின் அறைக்குப் போய் முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். எட்டு நோட்டு. மேட்ரன் அம்மா கொடுத்தபோது குத்தியிருந்த குண்டூசிகூட அப்படியே, துருப்பிடித்து.

"என்ன வெள்ளையன் இது?"

"நீங்க குடுத்ததுங்க. எண்ணிக்கங்க. பொண்ணு வேற எடம் போறா. நாளைக்கு அவ மேல யாரும் ஒரு பேச்சு பேசக் கூடாது. அதுக்குத்தான்."

"அது அவள் உழைத்து வாங்கிய சம்பளம். அதைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லையே."

"உங்களுக்கு இல்லீங்க. எங்களுக்கு உண்டுங்க."

பெண் ஒரு வீட்டை விட்டு வர நினைத்தால், அவள் தகப்பன் வாங்கிய பரிசத்தைத் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டால் அவள் தன் பாட்டுக்கு வரலாம், எங்கும் போகலாம், யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்த எண்பது ரூபாயில் மூன்று ஆண்டில் அவர் ஒரு காசு செலவழிக்கவில்லை. கூரை ஒழுகிய இரண்டு மழைக்காலம் அதில் அடக்கம்.

தாழ்வாரத்தில் என்னோடு வேலை பார்த்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "சென்னம்மாவ அவங்கப்பா பணம் கட்டி மீட்டுட்டுப் போறாரு, அடமானத்துல வெச்ச தங்கக் குண்டுமணி மாதிரி" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். கப்பலேறப் போகிற நர்ஸ் நான். "நைனா, போதும் வா" என்று வாசலிலிருந்தே கடிந்து கூப்பிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பணத்தை வாங்கும்வரை நகர்வதாக இல்லை.

மேட்ரன் அம்மா நோட்டுகளை எடுத்து எண்ணி, எழுந்து வந்து, ஏழை நோயாளிகளுக்கான உண்டியலில் அவர் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் போட்டார். "வாங்கிக்கொண்டேன் வெள்ளையன். உன் பெண்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்றார்.

அப்பா கும்பிட்டார். வெளியே வந்து என்னிடம் சொன்னார். "இப்ப நீ எங்க வேணா போ."

அப்படிக் கடிந்து கூப்பிட்டதற்கு நான் அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

4

இங்கே வந்த முதல் நாள் ஒரு படிவத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து நான் நர்ஸ் வெள்ளையன். வார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாள் முழுக்க அப்பா பெயர் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். "வெல்லயன், நாலாம் நம்பர் கட்டிலுக்குத் தண்ணீர்." "வெல்லயன், இந்தக் கட்டை மாற்று." ஜவ்வாது மலையில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஊர்க்கவுண்டரும் அம்மாவின் கோபமும் மட்டும்தான் உண்டு. இங்கே கால் உடைந்த ரயில்வே தொழிலாளிகள் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது. சில நாட்களில், பனி பெய்யும்போது, கண்ணில் நீரும் வந்தது.

அப்பாவின் கடிதங்களை எழுதுவது ஒடுகத்தூர் புளி மண்டி காதர் பாய். மலையிலிருந்து இறங்கும் புளியும் கடுக்காயும் அவர் மண்டிக்குத்தான் போகும். அப்பா சொல்லச் சொல்ல எழுதுவார். நடுநடுவே தன் கருத்தையும் சேர்த்துக்கொள்வார். அவர் எழுதிய முதல் கடிதத்திலேயே கேள்வி வந்துவிட்டது: "அங்கே பரிசம் பேசி முடிச்சாங்களான்னு உங்க நைனா கேக்கறார். நான் சொன்னேன், அது இங்கிலீஷ்காரங்க ஊருன்னு. ஊரு எதுவானா இன்னா, பொண்ணு பொண்ணுதான்னு சொல்றார்."

இந்த முறை நான் வாதாடவில்லை. முதல் மாதம் பிடித்தது போகக் கைக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன். நானூறு ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் அனுப்பியது பத்து வாரம் கழித்து, மூலை மடங்கி, மறுப்போடு என்னிடமே வந்து சேர்ந்தது. அதன்பிறகு அவருக்கு என்று நான் ஒதுக்கும் பணத்தை இங்குள்ள தபாலாபீஸ் கணக்கில் போட்டு வருகிறேன். யாருக்கு என்று தெரியாமல் மூன்று ஆண்டாக அது ஏறிக்கொண்டிருந்தது.

5

இந்த வைகாசியில் காதர் பாயின் கடிதம் வந்தது. "அம்மா, உங்க வூட்டுக் கறுப்பு மாடு செத்துப் போச்சு. வயத்துப் போக்கு, ரெண்டே நாள். இப்ப ஒத்த மாடுதான். ஆனி பொறந்தா சாமைக்கு ஓட்டணும். எரவல் கேட்டா அவங்கவங்க உழவு முடிச்சுத்தான் தருவாங்க, அதுக்குள்ள ஈரம் போய்டும். நீ அனுப்பின பணம் தொம்பைக்குள்ள கேவுருக்கு நடுவுல அப்படியே கீது. அத எடுத்து ஒரு மாடு புடி வெள்ளையான்னேன். அது எம் பொண்ணு திரும்பி வர்றதுக்கு வெச்சிருக்கேன், நாளைக்கு அவ வர்றேன்னு சொன்னா நான் எதக் கொண்டு திருப்புவேன்னு கேக்கறார். நான் கடனாத் தர்றேன்னேன். வாணாம்னுட்டார். நீ ஒரு வார்த்த எழுது."

கேழ்வரகுக் குதிருக்குள், ஒடுகத்தூர் தபாலாபீஸில் வாங்கிய அந்த நோட்டுகள். என் பயணத்தை நான் கப்பல் சீட்டில் பார்த்தேன். அவர் அதைத் தானியத்துக்குள் புதைத்து வைத்திருக்கிறார், எனக்கு வழி திறந்திருக்கட்டும் என்று. அதற்காக இந்த வருஷம் சாமை விதைக்காமல்கூட இருந்துவிடுவார். வீட்டில் அடுத்த வருஷச் சோறு அந்தச் சாமைதான்.

நான் யோசித்தேன். படித்தவள் அல்லவா, வழி உடனே கிடைத்தது. பணத்தைத் திருப்ப வேண்டியதில்லை என்று கொடுத்தவர்களே எழுதித் தந்துவிட்டால் அது அவருடைய பணமாகிவிடும். மாடு வாங்கலாம்.

சம்பள அறையில் இருப்பவர் மிஸஸ் ஹோல்ட். கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அதிகம் பேசாதவர்.

"நான் வேலையை விட்டுப் போனால் முதல் மாதச் சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டுமா?" என்று கேட்டேன்.

"உனக்கு யார் அப்படிச் சொன்னது?"

"என் அப்பா."

"அவர் என்ன வக்கீலா?"

"விவசாயி."

"அது இன்னும் மோசம்" என்றார். "என் அப்பாவும் அப்படித்தான். ஆடு வளர்த்தார்."

எனக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றேன். என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். டைப் அடித்தார். 'நர்ஸ் வெள்ளையன் தாம் விரும்பும்போது இந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போகலாம். அவருக்குக் கொடுத்த எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை.' கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரி முத்திரையைக் குத்தினார்.

"இரண்டாகக் குத்துங்கள்."

"ஏன்?"

"எங்கள் மலைக்கு ஒன்று போதாது."

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு இரண்டாவதையும் குத்தினார். 'நைனா, இதோ முத்திரை. பணத்தைத் திருப்ப வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். மாடு வாங்கு' என்று நான் தமிழில் ஒரு வரி சேர்த்து அன்றே அனுப்பினேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது எனக்கு என்மேல் இருந்த மதிப்பை நினைத்தால் இப்போது முகம் சுடுகிறது.

6

பதில் ஆவணியில் வந்தது. காதர் பாய் தான் சொல்ல வேண்டியதை முதல் பக்கத்தில் எழுதியிருந்தார்.

"அம்மா, லட்டர் வந்துச்சு. இங்கிலீஷ் ஆனதால போஸ்ட்மாஸ்டர் படிச்சுச் சொன்னார். வெள்ளையன்னு பேரு வந்ததும் உங்க நைனா, எம் பேர்லயே எழுதியிருக்காங்களான்னு கேட்டு எழுந்து நின்னுட்டார். ரெண்டு தரம் படிக்கச் சொன்னார். அப்பறம் மண்டியில மூட்ட மேல உக்காந்துட்டார். நான் டீ வாங்கிக் குடுத்தேன், ஆறிப் போச்சு. அன்னிக்கு அப்படியே மலையேறிப் போய்ட்டார். நாலாவது சந்தைக்கு வந்துதான், எழுது பாய்னார். அவர் சொன்னத அப்படியே கீழ எழுதறேன்."

கீழே அப்பா.

"யம்மா சென்னம்மா. ரெண்டு முத்திரையும் கண்ணால பாத்தேன். நீ ஒண்ணும் யோசிக்காத. நீ இன்னா பண்ணன்னு நான் கேக்க மாட்டேன். அவங்க இன்னா பண்ணாங்கன்னும் கேக்க மாட்டேன். ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க, கவுண்டர்கிட்ட பேசி வெச்சிட்டேன். பணம் நம்மளுதுன்னு ஆனப்பறம் ஒரு மாடு புடிச்சேன், செவல. ஓட்டியாச்சு, சாமை போட்டாச்சு. உனுக்கு எடம் உங்கம்மா மெழுவி வெச்சிருக்கா. எந்த பஸ்ஸுல வர்றன்னு நீ எழுதல. அதனால சந்தைக்குச் சந்த எறங்கி வந்து, ஒடுகத்தூர்ல கடைசி பஸ் வரைக்கும் பாத்துட்டு, பாய் வூட்டுல படுத்து எழுந்து மலையேறறேன். நீ அவசரப்படாம வா. துணிமணி எதுவும் உட்டுட்டு வந்தாலும் பரவால்ல."

அதற்கும் கீழே காதர் பாய்: "சீமையில அதுக்கு அந்த அர்த்தம் இல்ல வெள்ளையான்னு சொல்லிப் பாத்தேன். உனுக்கு எங்க வழக்கம் தெரியாது பாய்னுட்டார்."

எனக்கும் தெரியவில்லை. அல்லது தெரிந்திருந்ததை மறந்துவிட்டேன். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது மெல்ல நினைவுக்கு வந்தது. கை முறிவதற்கு முந்திய வருஷம், எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியை அவள் புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பினார்கள். கூட வந்த பெரியவர் ஊர் நடுவில் நின்று, "குடுத்தத நீங்க திருப்ப வாணாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் தகப்பன் அவளுடைய துணி மூட்டையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் பின்னால் நடந்தாள். அன்று யாரும் அவர்களிடம் பேசவில்லை.

பெண் தானாக விட்டு வந்தால் பரிசத்தைத் திருப்ப வேண்டும். அவர்களாக வேண்டாம் என்று அனுப்பிவிட்டால்தான் திருப்ப வேண்டாம். மலையில் ஏழு வயதுப் பெண்ணுக்கும் தெரிகிற விஷயம். அதைத்தான் நான், எங்கள் ஊரில் முதலில் பேனா பிடித்தவள், ஆங்கிலத்தில் டைப் அடித்து, கேட்டுக் கேட்டு இரண்டு முத்திரை குத்தி, அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன். உன் மகள் எங்களுக்கு வேண்டாம் என்று.

அதற்கு அவர் என்ன எழுதியிருக்கிறார் பாருங்கள். ஒரு கேள்வி இல்லை. இடம் மெழுகி வைத்திருக்கிறது, மெதுவாக வா என்று.

7

"நடந்ததை விளக்கி எழுது" என்றாள் ஐரிஸ். மூன்று ஏரோகிராம் எழுதிக் கிழித்தேன். அவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, நான் இங்கே நன்றாக இருக்கிறேன், மதிப்பாக நடத்துகிறார்கள். படித்துப் பார்த்தால், திருப்பி அனுப்பப்பட்ட எந்த மகளும் தகப்பனுக்கு எழுதக்கூடிய வரிகள்தான் அவை. அப்பா நம்பியது போலக் காட்டிக்கொண்டு, மறுபடி சந்தைக்கு இறங்கி வருவார்.

இது கடிதத்தில் தீராது. நான் போக வேண்டும். மெழுகிய இடத்தில் கொஞ்ச நாள் படுத்து எழ வேண்டும். செவலை மாட்டைப் பார்க்க வேண்டும். மேட்ரன் அம்மாவின் அறை வாசலில் நின்று கடிந்து கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு ஊர் பார்க்க, கவுண்டர் பார்க்க, அப்பாவே என்னை மலையிறங்கிக் கூட்டி வந்து இங்கே வருவதற்கு பஸ் ஏற்றிவிட வேண்டும். வேண்டாம் என்று அனுப்பப்பட்ட பெண்ணை யாரும் அந்த வீட்டுக்கே திரும்ப வழியனுப்ப மாட்டார்கள். அதைப் பார்த்தால்தான் ஊர் நம்பும். அவரும் நம்புவார்.

கப்பல் கட்டணத்தைக் கேட்டேன். தபாலாபீஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் மறுத்து மறுத்து மூன்று ஆண்டில் ஏறியிருந்த தொகை, போகவர மூன்றாம் வகுப்புக்குச் சரியாக இருந்தது. ஏரோகிராமில் இரண்டே வரி எழுதினேன். 'கார்த்திகையில் வருகிறேன். பம்பாயில் இறங்கியதும் எந்தச் சந்தைக்கு என்று தந்தி கொடுக்கிறேன், அதுவரை இறங்கி வந்து நிற்க வேண்டாம்.' நிற்காமல் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஏழு பெண்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். சம்பளம், சாப்பாடு, தங்கும் இடம் என்று நீங்கள் பெயர் சொல்லிக் கேட்ட வரிசையில் விடுப்பு இல்லை. எனக்கும் அது வரிசையில் இல்லாமல்தான் இருந்தது. மூன்று ஆண்டிலும் எனக்குரிய நான்கு வாரத்தை ஊர் போய்ச் சேர முடியாத சின்னத் துண்டுகளாக எடுத்துத் தீர்த்தேன். கப்பலில் போகவே மூன்று வாரம். ஆகவே வேலை கேட்டு எழுதும்போது இதையும் கேளுங்கள்: சேர்த்து எடுக்கலாமா, சம்பளமில்லாமல் எத்தனை வாரம் தருவார்கள், திரும்பி வந்தால் அதே இடம் இருக்குமா. என் வார்டு சிஸ்டர் இடம் இருக்கும் என்று சொல்லிவிட்டார். "சீக்கிரம் வந்து சேர், வெல்லயன். கட்டுப் போட ஆள் இல்லை" என்றார். இதை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கலாமா என்று நினைத்தேன். இதுவரை வாங்கிய காகிதமே போதும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று விடுப்புப் படிவத்தை மிஸஸ் ஹோல்டிடம் கொடுத்தேன். சம்பளத்தோடு நான்கு வாரம், சம்பளமில்லாமல் ஒன்பது வாரம். காரணம் எழுத ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். குடும்பக் காரணம் என்று எல்லோரும் எழுதுவார்கள். நான் எழுதியதை அவர் வாய்விட்டுப் படித்தார்.

"என் அப்பா பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கிறார்."

கண்ணாடியைக் கழற்றினார். அது சங்கிலியில் தொங்கியது.

"எவ்வளவு நேரமாக?"

"ஆறு சந்தையாக."

சந்தை என்றால் எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, படிவத்தில் ஒன்று குத்தினார். பிறகு, நான் கேட்காமலேயே, அதன் பக்கத்தில் இன்னொன்று.